புரிந்துவிட்டதாகச் சொல்லும் திரை

இந்த வரியின் மேல் உங்கள் கண் தவளைபோலத் தத்தித் தத்திப் போகிறது. ஓரிடத்தில் கால் நொடி நிற்கிறது, பிறகு தாவுகிறது. தாவும் கணத்தில் ஏறக்குறைய எதையுமே நாம் பார்ப்பதில்லை. நிற்கும்போது பிடிபட்ட எழுத்துகளை வைத்துத்தான் மூளை முழு வரியையும் கோத்துத் தருகிறது. குழப்பம் வந்தால் பின்னாலும் ஒரு தாவல் உண்டு.

தாளில் பின்தாவல் சுலபம். இடப்பக்கம், கீழ் மூலை என்று சொல்லுக்கு ஓர் இடம் இருக்கிறது. கைப்பேசியில் விரல் தள்ளத் தள்ள அந்த இடம் நழுவிக்கொண்டே போகிறது. திரையில் புரிதல் குறைய இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

குறைகிறதா என்ன? 2000 முதல் 2017 வரை வெளியான 54 ஆய்வுகளை, 1,70,000க்கும் மேற்பட்ட வாசகர்களை, ஒன்றாகச் சேர்த்து 2018இல் கணக்குப் பார்த்தார்கள். கதை என்றால் தாளும் திரையும் சமம். தகவல் நிறைந்த பாடத்தில் தாள் சற்று முந்தியது. நேர நெருக்கடி இருந்தால் இன்னும் முந்தியது. திரையோடு வளரும் பிள்ளைகள் வந்தால் சரியாகிவிடும் என்று நினைப்போம் அல்லவா? ஆண்டு ஏற ஏற இடைவெளி கூடத்தான் செய்தது!

பழி கண்ணாடித் திரைமேல் மட்டும் இல்லை. இஸ்ரேலில் ரேக்பெட் ஆக்கர்மனும் மோரிஸ் கோல்ட்ஸ்மித்தும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பாடத்துக்கு இத்தனை நிமிடம் என்று நேரத்தைக் கட்டிவிட்டபோது தாளில் படித்தவர்களும் திரையில் படித்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு மதிப்பெண் பெற்றார்கள். நேரத்தை மாணவர்கள் கையிலேயே விட்டபோதுதான் திரைக்காரர்கள் சறுக்கினார்கள். ‘புரிந்துவிட்டது’ என்று சீக்கிரமே முடித்துக்கொண்டார்கள். தேர்வில் எவ்வளவு வாங்குவோம் என்ற அவர்களின் கணிப்பும் வாங்கியதைவிட மிகையாக இருந்தது. தன் புரிதலைத் தானே அளக்கும் இந்தத் திறனுக்கு ‘புரிதல் கண்காணிப்பு’ என்று பெயர் வைக்கலாம். திரையில் தூங்கிவிடுவது அதுதான்.

அதை எழுப்ப ஒரு மலிவான வழி: பாடத்தை மூடிவிட்டு, அதன் சாரமாக ஐந்து சொற்கள் எழுதுவது. ஆனால் உடனே எழுதினால் பெரிய பலன் இல்லை. ஒளிச்சேர்க்கை படித்த கையோடு கேட்டால் ‘பச்சையம், ஸ்டார்ச்’ என்று காதில் ஒலித்துக்கொண்டிருப்பதையே மாணவி எழுதிவிடுவாள். இடையில் வேறு பாடங்களைப் படிக்கவிட்டுக் கேளுங்கள். வாசகங்கள் மங்கி, புரிந்த அளவு மட்டும் மிஞ்சும். ‘தண்ணீர், கார்பன் டை ஆக்சைடு’ எழுதிவிட்டு, ஆக்சிஜன் எங்கிருந்து வந்தது என்று பேனா நிற்கும். 2003இல் கீத் தீடே குழுவினர் இதைச் சோதித்தார்கள். தாமதித்து எழுதியவர்கள், எந்தப் பாடத்தை மறுபடி படிக்க வேண்டும் என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்த தேர்வில் மதிப்பெண்ணும் ஏறியது. பின்னர் ஆக்கர்மன் திரை வாசகர்களிடம் இதையே செய்து பார்த்தபோது, தாளோடு இருந்த இடைவெளி மூடிக்கொண்டது.