தாய்க்கு ஆறு வாரம்

கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனைப் போதனா வைத்தியசாலையிலும் பெண்நோயியல் கிளினிக் நடக்கும் காலை வேளைகளில், கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை, மடுல்கலை முதலிய ஊர்களிலிருந்து முதல் பஸ்ஸிலேயே புறப்பட்டு வந்து, பொலித்தீன் பையில் சுற்றிய கிளினிக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, வாங்குகளில் வரிசையாக அமர்ந்திருக்கும் மூதாட்டிகள் பலரைக் காணலாம். என்ன வருத்தமென்று பக்கத்தில் இருப்பவர் வினவினால், இடுப்பு வலி என்றோ நீர்க்கடுப்பு என்றோ விடை வரும். மெய்யான காரணமோ, வைத்தியரின் அறைக்குள் திரை இழுத்து மூடப்பட்ட பின்னர்தான், அதுவும் தலை குனிந்தபடி, தணிந்த குரலில் வெளிப்படும்: "அடி எறங்கிப் போச்சுங்க, ரொம்ப வருஷமா இருக்கு."

அந்த வருஷங்களைப் பற்றியும், அவை ஒருவாறு முடிவுக்கு வந்து கருப்பையை அகற்றும் சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்ட பின்பு, அந்த முதியவளுக்கு வீட்டார் செய்யவேண்டியன பற்றியுமே இங்கு எழுத விழைகிறேன்.

1867 ஆம் ஆண்டில் கண்டிக்குத் தெற்கே லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலையைப் பயிரிட்ட காலந்தொட்டு, இம்மலைகளின் செல்வம் பெரும்பாலும் ஸ்திரீகளின் தலையிலும் முதுகிலுமே இறங்கி வந்திருக்கிறது. படங்கை இடுப்பில் வரிந்து கட்டி, கூடைக் கயிற்றை நெற்றிக்கு மேலே ஏற்றி, செங்குத்தான மலையில் காலூன்றிக் கொழுந்து பறித்து, நிறைந்த பாரத்தோடு நிறுவைக்கு இறங்கி வந்தவள், மாலையில் லயத்துக்குத் திரும்பியதும் பீலியிலிருந்து தண்ணீரும் காட்டிலிருந்து விறகும் சுமந்தாள். இவற்றினிடையே நான்கைந்து பிள்ளைகளையும் பெற்றெடுத்து, பிரசவ அலுப்பு முற்றாகத் தீருமுன்னரே மீண்டும் மலைக்கு ஏறினாள். இடுப்பெலும்பின் அடியில் ஒரு தூளியைப் போல் அமைந்து கருப்பையையும் மூத்திரப்பையையும் குடலின் அடிப்பாகத்தையும் தாங்கி நிற்கும் தசைகளும் நார்களும், இத்தகைய பிரசவங்களாலும் சுமைகளாலும், நாட்பட்ட இருமலாலும் மலச்சிக்கலாலும் தளர்ந்து, மாதவிடாய் நின்று சரீரத்தில் ஈஸ்ட்ரஜன் சுரப்புக் குன்றிய பின் மேலும் மெலிந்து, ஈற்றில் கருப்பை தன் ஸ்தானத்தை விட்டு இறங்கத் தொடங்குகிறது. பட்டணத்து ஸ்திரீகளுக்கும் இது வருவதுண்டு. ஆயினும் அவர்களுள் நெற்றியில் கயிறு தழும்பேறியவர்கள் இல்லை.

இதனை மறைத்து வாழ்வதற்கு அவள் செய்யும் பிரயாசைகள் மனத்தை வருத்துவன. பழந்துணியை மடித்துக் கட்டிக்கொள்கிறாள். அடிக்கடி சிறுநீர் கழிக்கவேண்டி வருமென்று அஞ்சி, தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுகிறாள். அதனால் நீர்க்கடுப்பும் மலச்சிக்கலும் மிகுந்து, மலச்சிக்கலால் இறக்கமும் மிகுகிறது. பஸ்ஸில் நெடுந்தூரம் போக மறுக்கிறாள். கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் தேருக்கு எல்லாரும் புறப்படும்போது தான் வீட்டைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லித் தங்கிவிடுகிறாள். ஒரே அறையில் மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் கூடி வாழும் லயத்தில், இதை யாரிடம், எந்த மூலையில் நின்று அவள் சொல்வாள்? லஜ்ஜை அவளுடைய குற்றமன்று. கேளாதிருந்த நம் குற்றமே பெரிது.

இறக்கத்தையாவது சில மாதங்கள் பொறுக்கலாம். பொறுக்கவே கூடாத ஓர் அறிகுறியும் உண்டு. மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்த ஒரு ஸ்திரீக்கு, ஒரு துளி இரத்தம் மீண்டும் பட்டாலும் அது பரிசோதிக்கப்பட வேண்டியதே. அவ்வாறு இரத்தம் படுவோரில் ஏறக்குறையப் பத்தில் ஒருவருக்குக் கருப்பையின் உட்சுவரில் புற்றுநோய் இருக்கக் காணப்படுகிறது. நீரிழிவும் உடற்பருமனும் உள்ளவர்களுக்கு அபாயம் அதிகம். எஞ்சிய ஒன்பதின்மருக்குக் காரணம் அற்பமாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பத்தாமவர் யார் என்பதை ஸ்கேனும் திசுப் பரிசோதனையுமே சொல்லும். அயலவரோ சோதிடரோ சொல்லமாட்டார். காலத்தோடு கண்டறியப்பட்டால், கருப்பையை அகற்றும் சத்திரசிகிச்சையோடு பெரும்பாலோர் பூரண சுகம் பெறும் புற்றுநோய்களுள் இதுவும் ஒன்று.

கருப்பையை எடுத்தல் எல்லாருக்கும் அவசியமென்று நான் சொல்வதாக எவரும் கொள்ளவேண்டாம். சிறிதளவான இறக்கத்துக்கு இடுப்படித் தசைப் பயிற்சி போதும். சத்திரசிகிச்சையைத் தாங்காத இருதயம் உள்ளவர்களுக்கு, உள்ளே பொருத்தும் வளையம் ஒன்று வருஷக்கணக்கில் பயன்படும். அண்டை நாடான இந்தியாவில் இதற்கு மாறான கொடுமை நிகழ்ந்திருக்கிறது. மகாராஷ்டிரத்துப் பீட் மாவட்டத்தில், கரும்பு வெட்டச் செல்லும் ஏழைப் பெண்களின் கருப்பைகள் முப்பது, நாற்பது வயதுக்குள்ளேயே பெருந்தொகையாக அகற்றப்பட்ட செய்தி 2019 ஆம் ஆண்டில் நாட்டையே உலுக்கிற்று. தேவையற்ற இத்தகைய சத்திரசிகிச்சைகளைக் குறித்து வைத்தியர் நரேந்திர குப்தா தொடுத்த பொதுநல வழக்கில், மாநிலங்கள் யாவும் இதற்கான வழிகாட்டு நெறிகளை மூன்று மாதத்துள் நடைமுறைப்படுத்த வேண்டுமென இந்திய உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் கட்டளையிட்டது. அங்கே கேட்காமலே எடுக்கப்பட்டது. இங்கே எடுக்கவேண்டியதும் கேட்பாரின்றிக் கிடக்கிறது. இரண்டிடத்தும் அந்தப் பெண்ணின் வார்த்தைக்கு யாரும் செவி கொடுக்கவில்லை.

சத்திரசிகிச்சை என்றதும் முதியவர்கள் நடுங்குவது இயல்பு. மான்செஸ்டர் நகரில் 1843 இல் சார்ள்ஸ் கிளே வயிற்றைத் திறந்து கருப்பையை அகற்றியபோது அவருடைய நோயாளி பிழைக்கவில்லை. அமெரிக்காவில் 1853 இல் வால்டர் பேர்ன்ஹாம் செய்த சிகிச்சையிலேதான் ஒரு பெண் உயிர் தப்பினாள். இன்று, இறக்கத்துக்காகச் செய்யும்போது பெரும்பாலும் வயிற்றில் வெட்டுக்காயமே இன்றிக் கீழ்வழியாகவே கருப்பையை எடுத்து, தளர்ந்த தசைகளையும் இறுக்கித் தைத்துவிடுகிறார்கள். முதுகில் போடும் ஓர் ஊசியால் இடுப்புக்குக் கீழே உணர்விழக்கச் செய்வதே பலருக்குப் போதுமாகிறது.

ஆயத்தம் என்பது வார்டில் அனுமதிக்கப்படும் நாளில் தொடங்குவதன்று. பல வாரங்களுக்கு முன்னரே சீனியையும் பிரஷரையும் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். சீனி மிகுந்திருந்தால் காயம் ஆறாது, கிருமி எளிதில் பற்றும். இரத்தசோகை இருந்தால் இரும்புச்சத்து மாத்திரை தருவார்கள். இங்கேதான் நம்மவர் அறியவேண்டிய ஒரு நுட்பம் உண்டு: சோற்றோடும் ரொட்டியோடும், மாத்திரையோடும்கூட, பிளேன்டீ குடிக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியது, தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்புச்சத்தைச் சரீரம் ஏற்காதபடி தடுக்கிறது. தேநீரைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடித்து, மாத்திரையைத் தேசிக்காய்த் தண்ணீரோடு விழுங்கச் செய்தால், அதே மாத்திரை கூடுதலான பலன் தரும்.

வெற்றிலையைப் பற்றி விரிவாகவே சொல்லவேண்டும். புகையிலையும் பாக்கும் சேர்த்து நாற்பது ஐம்பது வருஷம் மென்ற வாயின் உட்புறத் தோல் பலருக்கு வெளிறி இறுகி, இரண்டு விரல் நுழையும் அளவுக்குமேல் திறக்காமல் போகிறது. முழு மயக்கம் கொடுக்கவேண்டி நேர்ந்தால், சுவாசக் குழாயைச் செலுத்தும் வைத்தியருக்கு அவ்வாய் பெரும் இடர்ப்பாடாகும். ஆகவே மயக்கமருந்து வைத்தியர் வந்து வாயைத் திறக்கச் சொல்லும்போது, வெட்கப்பட்டு முந்தானையால் மூடாமல் திறந்து காட்டவேண்டும். ஆடும் பல், கட்டிய பல் எல்லாவற்றையும் சொல்லவேண்டும். புகையிலையைச் சில வாரங்கள் முன்னதாக விட முடிந்தால் மிக நன்று. அஸ்பிரின் போன்ற இரத்தம் உறையாமைக்கான மருந்தையோ, சீனி மாத்திரையையோ எந்நாள் நிறுத்துவது என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். வீட்டில் காய்ச்சிக் குடிக்கும் கஷாயத்தையும் அவரிடம் மறைக்கக் கூடாது. மூக்குத்தி, தோடு, மெட்டி, வளையல் அனைத்தையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுவது உத்தமம். வருஷக்கணக்கில் கழற்றாத மூக்குத்தியை அன்று காலையில் கழற்றப் போராடுவது அவளுக்கு வீண் வேதனை.

சம்மதப் பத்திரத்தில் கைரேகையோ கையெழுத்தோ வைக்குமுன், எதை எடுக்கப்போகிறார்கள், சூலகங்களும் எடுக்கப்படுமா, வேறு வழி உண்டா என்பவற்றைத் தமிழில் அவளுக்கு எடுத்துரைக்கும்படி கேட்பது அவளுடைய உரிமை. சிங்களம் தெரிந்த ஒருவர் கூடச் செல்லட்டும். ஆனால் அவளுக்குப் பதிலாக அவர் தலையசைத்துவிடலாகாது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் வைத்தியம் செய்த சாமுவேல் கிறீன், பிரசவ வைத்தியத்தைத் தமிழ் நூலாகவே 1857 இல் வெளியிட்டுவிட்டார். அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னும், தன் உடம்பில் செய்யப்போவதை ஒரு தமிழ்த் தாய் அரைகுறையாக விளங்கிக்கொண்டு மேசையில் ஏறுவது நியாயமாகாது.

வார்டு நாட்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். சிறுநீருக்கு ஒரு குழாயும், உள்ளே வைத்த துணிச்சுருளும் பெரும்பாலும் மறுநாளோ அடுத்த நாளோ அகற்றப்படும். காலில் இரத்தம் உறைந்து கட்டியாகாதிருக்கப் பாதங்களை அசைத்துக்கொண்டே இருக்கவேண்டும். மறுநாளே எழுப்பி நடக்கச் செய்வார்கள், "ரணத்தோடு நடக்க வைக்கிறார்களே" என்று உறவினர் தாதியரோடு சண்டைக்குப் போகவேண்டாம். முதியவர்கள் சிலர் இரவில் இடம் தெரியாமல் குழம்பி, இறந்துபோனவர்களை அழைப்பதும் உண்டு. அது சித்தப்பிரமை அன்று. மருந்தும் புது இடமும் சேர்ந்து செய்வது, சில நாட்களில் தெளியும். மூக்குக்கண்ணாடியைக் கையெட்டும் தூரத்தில் வைத்து, பழகிய குரல் ஒன்று அருகே இருந்து நாளையும் இடத்தையும் எடுத்துச் சொல்வது நல்ல மருந்தாகும்.

டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பிய பின்புதான் மெய்யான சோதனை தொடங்குகிறது. வளைவு நெளிவான மலைப்பாதையில் நெரிசலான பஸ்ஸில் நிற்கவைத்து அழைத்துச் செல்லாமல், எப்பாடுபட்டாவது ஒரு வாகனம் பிடியுங்கள்; எசல பெரஹரா நாட்களாயின் கண்டியில் வீதிகள் மூடப்படும் நேரத்தையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். அதன்பின் ஆறு வாரம், தசைகளைத் தைத்திருந்தால் மூன்று மாதம், அவள் பாரம் தூக்கக் கூடாது. பாரம் என்றால் மூட்டை மாத்திரமன்று: தண்ணீர் வாளி பாரம், விறகுக் கட்டு பாரம், சோற்றுப் பானை பாரம், "அம்மாயி" என்று கைநீட்டும் பேரக்குழந்தையும் பாரமே. உள்ளே போட்ட தையல் வெளியே தெரிவதில்லை. ஆகையால் பத்தாம் நாள் அவள் முகம் தெளிந்ததும், எல்லாம் சுகமாயிற்றென்று வீட்டார் கருதுகிறார்கள், அவளும் கருதுகிறாள். யாரும் சொல்லாமலே பீலிக்குப் போகிறாள். வைத்தியர் ஒரு மணி நேரம் நின்று தைத்ததை ஒரு குடம் தண்ணீர் அவிழ்த்துவிடக் கூடும். ஆகவே வாளியை யார் தூக்குவது, அடுப்பை யார் பார்ப்பது என்பதைச் சத்திரசிகிச்சைக்கு முன்னரே ஆண்மக்களையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசி முடிவுசெய்ய வேண்டும். தோட்டத்தில் இரண்டு நாள் சம்பளம் போனாலும் போகட்டும்.

பத்தியம் என்ற பெயரால் அவளைப் பட்டினி போடுவதும் தண்ணீரைத் தடுப்பதும் தீங்கு. மலம் இறுகி முக்கினால் தையலுக்கு ஆபத்து; எனவே தண்ணீர், வல்லாரை, பொன்னாங்காணி, பப்பாசி, பயறு, முட்டை, மீன் யாவும் வேண்டும். குந்தி உட்காரும் கழிப்பறையானால், கதிரையின் நடுவில் வட்டமாக வெட்டி வைத்தாவது உயரமான இருக்கை ஒன்று அமைத்துக் கொடுங்கள். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமச் சொல்லுங்கள். சமதரையில் நாள்தோறும் சிறிது சிறிதாக நடக்கட்டும். பட்டணத்தில் வசிப்போர்க்குக் கண்டி ஏரிக்கரை இருக்கிறது, தோட்டத்தில் லயத்து வாசலே போதும். தாம்பத்திய உறவை வைத்தியர் மறுபடி பரிசோதிக்கும்வரை ஒத்திவைக்க வேண்டும்.

சில வாரங்களுக்கு இலேசாக இரத்தக்கசிவு இருப்பது சாதாரணம். ஆனால் இரத்தம் பெருகினாலோ, துர்நாற்றமுள்ள கசிவு கண்டாலோ, காய்ச்சல் அடித்தாலோ, சிறுநீர் பிரியாமல் அடைத்தாலோ, ஒரு கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, விடியட்டுமென்று காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

கருப்பை போனால் பெண்மை போயிற்று, உடம்பு வெறுங்கூடாயிற்று என்று சிலர் அவள் காதுபடப் பேசுவார்கள். எடுத்த இடத்தைக் குடல் நிரப்பிக்கொள்கிறது. மாதவிடாய் நின்ற வயதில் அதனால் சரீரத்துக்குக் குறை எதுவும் நேர்வதில்லை. பத்து வருஷத்துக்குப் பின் துணி மடித்துக் கட்டாமல், தண்ணீரைத் தாகம் தீரக் குடித்து, பேத்தியின் பூப்பு நீராட்டுக்குப் பஸ் ஏறிப் போகிறவளைப் பார்த்தவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள்.

இந்நாட்டில் 1996 முதல் சுகவனிதையர் கிளினிக்குகள் இயங்கி வருகின்றன. முப்பத்தைந்து வயது முதல் எந்தப் பெண்ணும் அங்கு சென்று கட்டணமின்றிப் பரிசோதித்துக்கொள்ளலாம், உங்கள் பகுதிக் குடும்பநல மாது நாளும் இடமும் சொல்வார். உங்கள் வீட்டில் ஐம்பது கடந்த தாயோ மாமியாரோ பெரியம்மாவோ இருந்தால், இந்த வாரமே, ஆண்கள் இல்லாத நேரம் பார்த்து, மகளோ மருமகளோ அருகில் அமர்ந்து கேளுங்கள்: "அம்மா, கீழே ஏதும் இறங்குதா? இரத்தம் ஏதும் படுதா?" ஆம் என்றால், நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.