மின்னேறும் வேளையில் கருவியைப் பாவிக்கலாமா?

கைத்தொலைபேசியைச் சுவரிலுள்ள மின்குதையிற் பொருத்திவிட்டு, வயர் எட்டும் தூரத்திலேயே அமர்ந்து அதனைப் பாவிப்போரை இன்று எந்த வீட்டிலும் காணலாம். அவ்வாறு பாவிக்கும் பிள்ளையைப் பார்த்து, "கழற்றிப்போட்டுக் கதை, பற்றரி பழுதாய்ப் போகும்" என்று பெரியவர்கள் கண்டிப்பதும் வழக்கமே. இக்கண்டிப்பில் உண்மை எவ்வளவு, வீணான அச்சம் எவ்வளவு என்பது ஆராயத்தக்கது. புதிய மின்கலத்துக்கு ஆகும் செலவு சிறிதன்று. பல கருவிகளில் மின்கலம் உள்ளே பசையிட்டு ஒட்டப்பட்டிருப்பதால், அதனை மாற்றுவதற்குத் திருத்துவோரையே நாடவேண்டியுமுள்ளது. மறுபுறத்தில், கழற்றிவிட்டுப் பாவிப்பது எல்லாருக்கும் எக்காலமும் இயலக்கூடியதுமன்று. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டபோது, மின் வந்த சொற்ப வேளையிலேயே கருவிக்கு மின்னேற்றவும் வேண்டியிருந்தது. அதிலேயே அலுவல் பார்க்கவும் வேண்டியிருந்தது.

இந்த அச்சத்தின் ஒரு பகுதி பழைய மின்கலங்களிலிருந்து வழிவழியாக வந்தது எனலாம். 1859ஆம் ஆண்டிலே பிரான்சு தேசத்துக் காஸ்ரன் பிளான்ரே என்பவர் ஈய அமில மின்கலத்தை அமைத்தார். 1899ஆம் ஆண்டிலே சுவீடன் தேசத்து வால்டெமர் யுங்னர் நிக்கல் கட்மியம் மின்கலத்தைக் கண்டார். இவற்றுட் பின்னையது, முழுமையாக வெறுமையாகுமுன் மீண்டும் மீண்டும் மின்னேற்றப்பட்டால், தன் கொள்ளளவில் ஒரு பகுதியை மறந்துவிட்டது போல நடந்துகொள்ளும். "நன்றாக இறங்கவிட்டுப் பின்பு ஏற்று" என்னும் புத்திமதி அக்காலத்துக்குரியது. 1991ஆம் ஆண்டில் சோனி நிறுவனம் சந்தைக்குக் கொணர்ந்த இலிதியம் அயன் மின்கலத்துக்கு அது சற்றும் பொருந்தாது. இன்றைய கைத்தொலைபேசிகளிலும் மடிக்கணினிகளிலும் உள்ளவை இவ்வகையினவே. இதற்கு வழிகோலிய ஜோன் குடினவ், ஸ்ரான்லி விற்றிங்ஹாம், அகிரா யொஷினோ ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவ்வேளை குடினவ் அவர்களுக்கு வயது 97. அந்த முதிர்ந்த வயதில் நோபல் பரிசு பெற்றவர் அதற்கு முன் எவருமிலர்.

இம்மின்கலத்தின் ஒரு புறத்தில் இலிதியம் கோபாற்று ஒட்சைட்டுப் போன்ற ஒரு சேர்வையும், மறுபுறத்தில் பென்சிற்கரியும் உண்டு. மின்னேற்றும்போது இலிதியம் அயன்கள் முதற்புறத்தை விட்டு நீங்கி, இடையிலுள்ள மின்பகுபொருளைக் கடந்து, கரியின் படைகளுக்கிடையே சென்று தங்குகின்றன. பாவிக்கும்போது வந்த வழியே திரும்புகின்றன. வெறுமையான பேருந்தில் முதலில் ஏறுவோர் விரைந்து ஆசனம் பிடிப்பர். பேருந்து நிரம்ப நிரம்ப ஒவ்வொருவராக நெருக்கியே ஏறவேண்டும். மின்னேற்றமும் இத்தகையதே. முதலில் மின்னோட்டம் மாறாத அளவில் வேகமாகப் பாய்கிறது. கலத்தின் அழுத்தம் ஏறத்தாழ 4.2 வோற்றை எட்டியபின், அவ்வழுத்தத்தை மீறாதபடி மின்னோட்டம் படிப்படியாகக் குறைக்கப்படுகிறது. கடைசிச் சில வீதங்கள் ஏறுவதற்கு நெடுநேரம் ஆவது இதனாலேயாம்.

இனி, மின்னேறும் வேளையிலே கருவியைப் பாவித்தால் நிகழ்வது யாது? மேலே தண்ணீர்த் தாங்கியுள்ள வீடொன்றை எண்ணிப் பார்க்கலாம். குழாய்நீர் வந்துகொண்டிருக்கும்போது சமையலறையில் ஒருவர் நீரெடுத்தால், வரும் நீரில் ஒரு பங்கு அவருக்குப் போகும். மிஞ்சியது தாங்கியை நிரப்பும். நல்ல முறையில் அமைக்கப்பட்ட கைத்தொலைபேசியிலும் மடிக்கணினியிலும் உள்ள மின்சுற்று இவ்வாறே பங்கிடுகின்றது. மின்னேற்றியிலிருந்து வரும் மின்னைக் கருவி தன் வேலைக்கு நேரே எடுத்துக்கொள்ள, எஞ்சியதே மின்கலத்துக்குச் செல்கிறது. இதனால் மின்னேறும் நேரம் நீளுமேயன்றி வேறு தீங்கில்லை.

மின்னேற்றி வலுக்குறைந்ததாயின் நிலைமை மாறும். 5 வோற்று அழுத்தத்தில் 1 அம்பியர் மாத்திரம் தரும் பழைய மின்னேற்றியின் வலு 5 வாற்று. திரையைப் பிரகாசமாக்கி விளையாட்டிலோ காணொளி உரையாடலிலோ ஈடுபடும் கருவிக்கு இது போதாமற் போகலாம். அப்போது குறையை மின்கலமே ஈடுசெய்கிறது. பொருத்தியிருக்கும்போதே வீதம் இறங்குவதைக் கண்டு பலர் வியப்பதும் உண்டு. இவ்வாறு சிறிது இறங்குவதும் சிறிது ஏறுவதும் தம்மளவில் பெருங்கேடு செய்வதில்லை. பாதி இறங்கி மீண்டும் ஏறினால் அது பாதிச் சுற்றாகவே கணக்காகும். பங்கீட்டுச் சுற்று இல்லாத எளிய கருவிகளிலோ வேறொரு சிக்கல் உண்டு. மின்கலம் நிரம்பியதை மின்னோட்டம் குறைவதைக்கொண்டே மின்னேற்றும் சுற்று அறிகிறது. கருவி இடையறாது மின்னை உறிஞ்சிக்கொண்டிருந்தால் அக்குறைவு புலப்படாது. மின்கலம் தேவைக்கு மேலாக உயர்ந்த அழுத்தத்திலேயே நிறுத்தப்படும்.

ஆயினும் இவை யாவற்றிலும் மேலான பகை வெப்பமே. மின்னேற்றம் வெப்பத்தை உண்டாக்குகிறது; கருவியின் கணிப்பு வேலையும் வெப்பத்தை உண்டாக்குகிறது. இரண்டும் ஒரே வேளையில் நிகழும்போது, விரலளவு தடிப்பில்லாத ஒரு பெட்டிக்குள் அவ்வெப்பம் போக்கிடமின்றித் தேங்குகிறது. கம்பியில்லா மின்னேற்றத்தில் வலுவின் ஒரு பங்கு வீணாகி வெப்பமாவதால், அதனோடு பாவனையுஞ் சேர்ந்தால் சூடு இன்னும் அதிகம்.

வெப்பம் செய்யும் கேட்டின் தன்மை இது. முதன்முதல் மின்னேற்றும்போதே கரியின் மேற்பரப்பில் மிக மெல்லிய படலமொன்று உருவாகிறது. அது காவலானது, அது இல்லையேல் மின்பகுபொருள் தொடர்ந்து சிதைந்துகொண்டே போகும். ஆனால் அப்படலம் காலப்போக்கில் தடித்து வளர்கிறது. வளரும்போது, மின்னைச் சுமக்கவேண்டிய இலிதியத்தைத் தன்னுட் சிறிது சிறிதாகச் சிறைப்படுத்திக்கொள்கிறது. சிறைப்பட்டது திரும்பாது. வெப்பம் கூடினால் இவ்வளர்ச்சியும் விரையும். மின்கலம் முழுமையாக நிரம்பியிருந்தால் மேலும் விரையும். முழுமையாக நிரப்பிய இலிதியம் அயன் மின்கலத்தை 25 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் ஓராண்டு வைத்திருந்தால் அதன் கொள்ளளவில் ஏறத்தாழ 20 வீதம் குறையும் என்றும், 40 பாகையில் வைத்திருந்தால் ஏறத்தாழ 35 வீதம் குறையும் என்றும் இத்துறையினர் கூறுவர். 40 வீதம் மாத்திரம் ஏற்றி 25 பாகையில் வைத்தால் இழப்பு 4 வீதமளவே. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ பங்குனி, சித்திரை மாதங்களில் அறை வெப்பநிலையே 30 பாகையைத் தாண்டிவிடுகிறது. அங்கே தலையணைமேல் வைத்து, தடித்த உறையோடு, மின்னேற்றியபடியே இரண்டு மணி நேரம் படம் பார்ப்பவரின் கருவி எந்நிலையில் இருக்கும் என்பதைக் கை தொட்டாலே அறியலாம்.

ஆகவே பெரியவர்களின் கண்டிப்பு பாதி சரியானது. மின்னேறும்போது ஒரு செய்தியை வாசிப்பதாலோ நான்கு வார்த்தை பேசுவதாலோ மின்கலம் கெடாது. உறையைக் கழற்றி, கடினமான தளத்தில் வைத்து, சூடேறாதபடி பாவிப்பது போதுமானது. நெடுநேர விளையாட்டையும் வேகமான மின்னேற்றத்தையும் ஒன்றுசேர்ப்பதே தவறு.

மின்கலம் வெடித்துவிடும் என்ற அச்சம் வேறானது. 2016ஆம் ஆண்டிலே சாம்சங் நிறுவனத்தின் கலக்சி நோட் 7 கருவிகள் சில தீப்பற்றியதால், அவ்வகைக் கருவிகள் யாவும் உலகெங்கும் மீளப்பெறப்பட்டன. அதற்குக் காரணம் மின்கலங்களின் வடிவமைப்பிலும் உற்பத்தியிலும் நேர்ந்த குறைபாடுகளே என 2017 சனவரியில் அந்நிறுவனம் அறிவித்தது. மின்னேற்றியபடி பாவித்தமை காரணமாகக் கூறப்படவில்லை. உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் மின்கலத்தைவிட மின்னேற்றியிலிருந்தே வருகிறது. சுவர்க்குதையில் உள்ளது 230 வோற்று. அதனைக் கையிலுள்ள கருவியிலிருந்து பிரித்து வைப்பது மின்னேற்றியினுள் இருக்கும் காவற்பிரிப்பு ஒன்றே. மலிவான போலி மின்னேற்றிகளில் அப்பிரிப்பு செவ்வையாக அமைவதில்லை. ஈரக்கையோடு, அல்லது குளியலறையில், மின்னேறும் கருவியைத் தொடுவோர் இதனை மறத்தலாகாது. சித்திரையிலும் ஐப்பசியிலும் இடிமின்னல் கடுமையாயிருக்கும் மாலை வேளைகளில், கழற்றிவிட்டுப் பாவிப்பதே தக்கது.

எந்நேரமும் மின்குதையோடு இணைந்தே கிடக்கும் மடிக்கணினி தனியே நோக்கத்தக்கது. அதன் மின்கலம் வேலை செய்யாமலே முதுமையடைகிறது. நூறு வீதத்தில் நிரம்பி, கணினியின் சூட்டிலே வெந்துகொண்டிருப்பதே காரணம். இதனையறிந்த உற்பத்தியாளர் பலர், 80 வீதத்தோடு மின்னேற்றத்தை நிறுத்தும் ஏற்பாட்டைக் கணினியிலும் கைத்தொலைபேசியிலும் சேர்த்துள்ளனர். பலரும் அதனைத் தேடிப் பார்ப்பதேயில்லை. அமைப்புப் பட்டியலில் மின்கலம் என்ற தலைப்பின்கீழ் அது பெரும்பாலும் இருக்கும்.

கருவியின் முதுகு உப்பியிருந்தாலோ, திரை விளிம்பில் மேலெழுந்திருந்தாலோ, உள்ளே மின்பகுபொருள் சிதைந்து வாயு திரண்டிருக்கிறது என்று கொள்க. அத்தகைய கருவியை மேலும் மின்னேற்றலாகாது. உப்பியதை அமுக்குவதோ, ஊசியாற் குத்துவதோ, குப்பையோடு எரிப்பதோ தீயையே வரவழைக்கும். அதனை நிறுத்தி, எரிபொருட்கள் அருகில்லாத இடத்தில் வைத்து, திருத்துநரிடமோ இலத்திரனியற் கழிவு சேகரிப்போரிடமோ ஒப்படைத்தல் வேண்டும்.