காட்டுத் தக்காளி செய்த உதவி!

ஆந்திராவில் இருந்தும், கர்நாடகத்தில் இருந்தும் தக்காளி லாரிகள் இரவோடு இரவாகப் புறப்படுகின்றன. பூந்தமல்லியைத் தாண்டி, விடிவதற்குள் கோயம்பேடு மார்க்கெட்டைச் சேர்கின்றன. காலையில் அம்பத்தூர், ஆவடி கடைகளில் பழம் குவிந்துவிடுகிறது.

2023-ம் ஆண்டு ஜூலை மாதம் இந்த வரத்து குறைந்தது. தக்காளி விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்க அரசாங்கமே முன்வந்தது. நான்கு பழம் போட்ட குழம்புக்கு ஒரு பழம் போட்டுத் தாய்மார்கள் சமாளித்தார்கள்.

வெயில், மழை, இவற்றோடு பயிரைத் தாக்கிய நோயும் இதற்குக் காரணம். வெயிலையும் மழையையும் நம்மால் தடுக்க முடியாது. நோயைத் தடுக்க வழி உண்டு. அந்த வழி, தக்காளியின் காட்டு உறவினரிடம் இருக்கிறது!

தக்காளியின் பிறந்த வீடு

தக்காளி நம் நாட்டுச் செடி அல்ல. அதனால்தான் நம் பாட்டிமார்கள் அதைச் "சீமைத் தக்காளி" என்றார்கள். கத்தரி, சுண்டை, உருளைக்கிழங்கு, வேலி ஓரத்தில் முளைக்கும் மணத்தக்காளி எல்லாம் இதற்குச் சொந்தம்தான்.

தென் அமெரிக்காவில் உள்ள பெரு, ஈக்குவடார் நாடுகளே இதன் பிறந்த வீடு. அங்கே சுமார் 12 வகைக் காட்டுத் தக்காளிகள் இன்றும் வளர்கின்றன. சில, சுண்டைக்காய் அளவுதான் இருக்கும். சில, பழுத்தாலும் பச்சையாகவே இருக்கும். ஒன்று பாலைவனத்தில் வாழும். இன்னொன்று உப்புக் காற்று வீசும் கடற்கரையில் வாழும்.

அங்கிருந்து மெக்சிகோவுக்கும், பிறகு ஐரோப்பாவுக்கும், கடைசியில் இந்தியாவுக்கும் தக்காளி வந்தது. ஒவ்வொரு இடத்துக்கும் போனது ஒரு கை விதைதான். அந்த ஒரு சில செடிகளின் வாரிசுகளே இன்று உலகம் எங்கும் விளைகின்றன.

ஒரே அச்சு

காட்டுத் தக்காளிகளிடம் உள்ள பரம்பரைக் குணங்களின் வேற்றுமையில், நூற்றில் 5 பங்குகூடத் தோட்டத் தக்காளியிடம் இல்லை என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள். கடையில் உருண்டையும் நீளமுமாகப் பல தினுசு பார்க்கிறோமே என்று கேட்கலாம். அது வெளி வேஷம்! உள்ளே எல்லாம் நெருங்கிய ரத்த சம்பந்தம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை செய்பவர்களுக்கு இது எளிதில் புரியும். ஒரே அச்சில் ஆயிரம் பாகங்கள் வார்க்கிறார்கள். அச்சில் ஒரு குறை இருந்தால், ஆயிரத்திலும் அந்தக் குறை இருக்கும். அதுபோல, ஒரு செடியை வீழ்த்தும் நோய் ஊரில் உள்ள தோட்டங்களை எல்லாம் வீழ்த்திவிடும்.

வெள்ளை ஈயின் கொடுமை

தக்காளி விவசாயியைக் கதற வைப்பது இலைச்சுருட்டை நோய். வெள்ளை ஈ என்ற சிறு பூச்சி இந்த வைரஸ் கிருமியைச் செடிக்குச் செடி கொண்டுபோகிறது. இலை சுருண்டு, செடி குன்றி, காய்ப்பு நின்றுவிடுகிறது. மருந்து தெளித்துச் செலவு செய்தும் பலர் முதலை இழந்திருக்கிறார்கள்.

இந்திய விஞ்ஞானிகளான கல்லூ, பானர்ஜி ஆகியோர் இதற்குக் காட்டில் பதில் தேடினார்கள். பச்சைப் பழம் காய்க்கும் ஒரு காட்டுத் தக்காளி இனம் அந்த நோயைத் தாங்கி நின்றது. அதன் பழத்தைச் சந்தையில் விற்க முடியாது. ஆனால் அதன் எதிர்ப்புச் சக்தியைக் கடன் வாங்கலாம் அல்லவா?

அதைத் தோட்டத் தக்காளியோடு ஒட்டுச் சேர்த்தார்கள். பிறந்த செடிகளில் நோய் தாங்குபவற்றைப் பொறுக்கி, மறுபடியும் தோட்டத் தக்காளியோடு சேர்த்தார்கள். தலைமுறை தலைமுறையாக இது நடந்தது. பழம் தோட்டத்துப் பழமாகவும், பலம் காட்டுப் பலமாகவும் வந்தது! 1990-ம் ஆண்டு இந்த வெற்றியை அவர்கள் வெளியிட்டார்கள். அந்தக் குணம் இன்று வெளிநாட்டு ரகங்களிலும் ஏறியிருக்கிறது. வாராணசி ஆராய்ச்சி நிலையத்தின் "காசி விசேஷ்" ரகமும் இந்த வழியில் வந்ததே.

ஆமை செய்த விந்தை

கலபாகஸ் தீவுகளின் காட்டுத் தக்காளி விதை எளிதில் முளைக்கவில்லை. அமெரிக்க விஞ்ஞானி சார்லஸ் ரிக் அதை ராட்சத ஆமைக்குத் தின்னக் கொடுத்தார். ஆமையின் வயிற்றுக்குள் போய் வெளியே வந்த விதைகள் நன்றாக முளைத்தன! 1961-ல் வெளியான செய்தி இது. ஆமை அழிந்தால் அந்தத் தக்காளிக்கும் ஆபத்து. காடு போனால் காட்டின் மருந்தும் போகும்.

நம்மால் முடிந்தது

விதைகளைக் காக்க டெல்லியில் தேசிய விதை வங்கி இருக்கிறது. ஆனால் நாட்டு ரகங்களைக் காப்பது வங்கியின் வேலை மட்டும் அல்ல. தமிழ்நாட்டில் புகழ்பெற்ற பி.கே.எம். 1 தக்காளி, தேனி பக்கத்து அன்னஞ்சி என்ற ஊரின் நாட்டுத் தக்காளியில் இருந்து பெரியகுளத்தில் உருவானது. அந்த ஊர் விவசாயிகள் விதையைக் காப்பாற்றி வைக்காவிட்டால் அது பிறந்திருக்குமா?

மாடியிலோ கொல்லையிலோ நாட்டுத் தக்காளி வைத்திருக்கிறீர்களா? செடியிலேயே நன்கு பழுத்த பழத்தைப் பறியுங்கள். சாற்றோடு விதையைப் பிழிந்து, இரண்டு நாள் பாத்திரத்தில் வையுங்கள். பிறகு கழுவி, அடியில் தங்கும் விதையை நிழலில் உலர்த்துங்கள். சாம்பல் கலந்து, பெயர் எழுதி, ஈரம் படாமல் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கும் வீரிய ஒட்டு ரகத்தின் விதை, தாயைப் போலவே காய்க்காது. நாட்டு விதை காய்க்கும்.

பக்கத்து வீட்டுக்கும் ஒரு பிடி கொடுங்கள். ஒரு வீட்டில் செடி பட்டுப்போனாலும், இன்னொரு வீட்டில் பிழைத்திருக்கும்!