காவல் என்னும் கல்வி

நுழையும்முன்

வாயிலில் நிற்பது மட்டுமே காவலன்று. எதை அடைக்க வேண்டும், எப்போது திறக்க வேண்டும் என்பதை அறிந்து நிற்பதே காவல். அந்த அறிவு இன்று பயிற்சியாலும் தேர்வாலும் சான்றளிக்கப்படும் தொழிற்கல்வியாக வளர்ந்துள்ளது.

மரபில் காவல்

இளையரசனேந்தல் போன்ற கரிசல் ஊர்களில் விளைந்த பயிருக்கும் களத்தில் குவித்த தானியத்திற்கும் இரவுக்காவல் இருப்பதுண்டு. காவலுக்குச் செல்பவர் கையில் கம்பும் விளக்கும் இருக்கும். ஆடுமாடு எந்த வரப்பின் வழியே இறங்கும், குரல் கொடுத்தால் யார் செவியில் விழும் என்னும் அறிவு அவற்றினும் பெரிய கருவியாகும். மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி, மழைநீர் தெருவில் பெருகியோடும் நள்ளிரவிலும் தளராத ஊர்காவலரைக் காட்டுகிறது. அவர்களை அஞ்சாதவர் என்பதோடு, நூல்வழி நுட்பமான தேர்ச்சி பெற்றவர் என்றும் அது போற்றுகிறது. காவலுக்கும் கல்வி வேண்டும் என்பது நம் பழைய எண்ணமே.

சட்டம் கூறும் தகுதி

தனியார் பாதுகாப்பு முகமைகள் (ஒழுங்குமுறை) சட்டம் 2005ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. இதன்படி காவலர் 18 வயது நிறைந்தவராகவும் 65 வயதை எட்டாதவராகவும் இருத்தல் வேண்டும். அவருடைய நன்னடத்தையும் முன்வரலாறும் சரிபார்க்கப்பட வேண்டும். 2006ஆம் ஆண்டின் மத்திய மாதிரி விதிகள் 100 மணிநேர வகுப்பறைப் பயிற்சியையும் 60 மணிநேரக் களப்பயிற்சியையும் வரையறுத்தன. தீயணைப்பு, முதலுதவி, கூட்டத்தை ஒழுங்குபடுத்துதல், அடையாள ஆவணங்களை ஆராய்தல், வெடிபொருளை இனங்காணுதல் ஆகியன பாடங்களாகும்.

சட்ட அறிவும் அவற்றுள் ஒன்று. தனியார் காவலர் காவல்துறையினர் அல்லர். அவர்களின் சீருடையை ஒத்த உடை அணிவதும் குற்றமாகும். தம் அதிகார எல்லையை அறியாத காவலர், காக்க வேண்டிய மக்களையே துன்புறுத்த நேரிடும்.

காலக்கணக்கு

அயலார் நுழையத் தயங்கச் செய்தல், நுழைந்தால் கண்டறிதல், அவரைத் தாமதப்படுத்துதல், உதவியுடன் எதிர்கொள்ளுதல் என்னும் நான்கும் இத்துறையின் அடிப்படைகள். ஓர் எடுத்துக்காட்டு காண்போம். ஒரு கிடங்கின் சுற்றுச்சுவரைத் தாண்டிய திருடனுக்குக் கதவை உடைக்க 8 நிமிடமும் பெட்டகத்தை உடைக்க 5 நிமிடமும் ஆகும் எனக் கொள்வோம். உதவி வந்துசேர 10 நிமிடம் ஆகும். சுவரைத் தாண்டியவுடன் எச்சரிக்கை மணி ஒலித்தால் 13 நிமிடம் கிடைக்கும், பொருள் தப்பும். கதவு உடைந்தபின் ஒலித்தால் 5 நிமிடமே கிடைக்கும், பொருள் பறிபோகும். மணி ஒன்றுதான், அதனை எங்கே பொருத்துவது என்னும் அறிவே வேறுபாட்டை உண்டாக்குகிறது.

அடைப்பதும் திறப்பதும்

பொருளைக் காக்கும் அறிவு உயிரைக் காக்கவும் பயன்பட வேண்டும். இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலம் குன்றியோர் தங்கியிருந்த காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தது. அவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் தப்பியோட இயலாது இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காவல் எனக் கருதிப் பூட்டிய சங்கிலியே கூற்றாயிற்று. ஆகவே, பயிற்சி பெற்ற காவலர் ஒரு கட்டடத்தில் பணியேற்கும்போது பூட்டுகளை எண்ணுவதோடு நில்லார். அவசர வழிகள் எவை, அவற்றின் சாவி யாரிடம் உள்ளது, தாமாக நடக்க இயலாதோர் எவ்விடத்தில் உள்ளனர் என்பனவற்றையும் கேட்டறிவார்.

உயரும் படிகள்

இத்துறையில் மேற்படிகளும் உண்டு. 1955இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஏசிஸ் இன்டர்நேஷனல் என்னும் அமைப்பு, பணி அனுபவம் உடையோருக்கு ஃபிசிக்கல் செக்யூரிட்டி புரொஃபஷனல் என்னும் சான்றிதழ்த் தேர்வை நடத்துகிறது. ஓரிடத்தின் இடர்களை மதிப்பிடுதல், அவற்றிற்கேற்பப் பாதுகாப்பு அமைப்பை வடிவமைத்தல், அதனைச் செயற்படுத்துதல் என்னும் மூன்றிலும் அத்தேர்வு திறனைச் சோதிக்கிறது.

சிற்றூர்களிலிருந்து வேலை தேடி நகரம் செல்லும் இளைஞர் சிலருக்கு முதலில் கிடைப்பது காவலர் பணியே. சீருடையைப் பெறும் நாளிலேயே, “எனக்குரிய பயிற்சி எப்போது?” என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு. ஏனெனில், பயிற்சி முடிக்காதவரைக் காவலராக அமர்த்துதல் ஆகாது என்பதே சட்டம். அவ்வினாவைக் கேட்பவர் தம் மதிப்பை மட்டுமன்றி, தம்மை நம்பி உள்ளே உறங்குவோரின் உயிரையும் காக்கிறார்.