மரத்தை உள்ளிருந்து அழிக்கும் காளான்

இராயபுரம் முதல் திருவொற்றியூர், எண்ணூர் வரை துறைமுகமும் தொழிற்சாலைகளும் நெருங்கியுள்ள கடற்கரையில், எஞ்சி நிற்கும் தென்னையும் வேம்பும் பூவரசும் மக்களுக்குப் பெருந்துணையாகும். 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னையைத் தாக்கியபொழுது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. நல்ல மரங்களும் புயலில் விழுவதுண்டு. ஆயினும் அடிமரம் உள்ளே மக்கிய மரமே முதலில் விழும். அவ்வாறு மக்கச் செய்வது காளான்.

காளானின் வித்துக்கள் நுண்ணிய தூளாகக் காற்றில் மிதக்கின்றன. பட்டை பழுதின்றி இருக்குமாயின் அவை உள்ளே புகுவது அரிது. விளம்பரப் பலகைக்கு அடித்த ஆணி, முறிந்த கிளை, குழாய் பதிக்கையில் அறுந்த வேர் ஆகியவையே அவற்றிற்கு வாயில்கள். உட்புகுந்த வித்து நூலிழைகளாகப் பரவி, மரத்திற்கு உறுதியளிக்கும் பொருள்களைக் கரைத்து உண்கிறது. மரமும் வாளா இருப்பதில்லை. காயத்தைச் சுற்றி அரண் அமைத்துப் போராடுகிறது. அரண் தகர்ந்தால் உள்மரம் பொந்தாகிறது. அடிமரத்தில் தட்டுப்போன்ற காளான் வெளிப்படும்போது, உள்ளே சேதம் பெரும்பாலும் முற்றியிருக்கும்.

தென்னைக்கு அபாயம் அதிகம். அதன் தண்டில் ஏற்பட்ட காயம் மற்ற மரங்களிற்போல் மூடி வளர்வதில்லை. 1952ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின்னர்த் தஞ்சை மாவட்டத்தில் பரவிய தஞ்சை வாடல் நோய் இத்தகைய காளானால் விளைவதே. மண்ணில் வாழும் இக்காளான் வேர் வழியே நுழைகிறது. அடிமட்டைகள் மஞ்சளாகித் தொங்கும்; அடித்தண்டிலிருந்து செம்பழுப்பு நீர் வடியும். கடலோர மணற்பாங்கான நிலத்தில், கோடையில் நீரின்றி வாடும் தோப்புகளில் இந்நோய் மிகுதி. ஆதலின் எண்ணூரை அடுத்த ஊராட்சிகளும் விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

செய்ய வேண்டுவன:

1. பட்ட மரத்தை அடிக்கட்டையுடனும் வேருடனும் தோண்டி எரித்துவிடுக.

2. நோயுற்ற மரத்தைச் சுற்றி 2 அடி ஆழம், 1 அடி அகலத்தில் பள்ளம் வெட்டுக. இதனால் நோய் அடுத்த மரத்தின் வேருக்குத் தாவாது.

3. ஆண்டுதோறும் மரம் ஒன்றிற்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு இடுக. நோய் கண்ட மரத்தின் அடியில் 1 சதவீத போர்டோ கலவை 40 லிட்டர் ஊற்றுக.

4. தோப்பு முழுவதும் நீர் பாய்ச்சாமல், மரத்திற்கு மரம் தனிப்பாத்தி கட்டுக. ஆழ உழுது வேரை அறுக்காதீர்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் சாலையோர மரங்களில் ஆணி அடிப்பதைத் தடுத்து, பள்ளம் தோண்டுவோர் வேரை வெட்டாதவாறு கண்காணிப்பார்களாக. மரத்தின் காயத்தைத் தடுப்பது எளிது; மக்கிய மரத்தை மீட்பது இயலாது.