தலைக்கு அளவான தொப்பி

ஆடி அமாவாசை நாளில் கீரிமலைக்குப் போய் வந்தவர்களுக்கு அந்த வெயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பிதிர்க்கடன் செய்ய வருபவர்கள் கடலிலும் கேணியிலும் நீராடி, நகுலேஸ்வரப் பெருமானை வணங்கிவிட்டு வெளியே வரும்போது உச்சி வெயில் மண்டையைப் பிளக்கும். கடற்காற்று உடம்பைக் குளிர வைத்தாலும் தலைக்கு ஒரு மறைப்பு வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு அப்படியொரு அமாவாசை நாளில், எமது பெண்கள் குழு வீதியோரம் ஒரு சிறிய மேசை போட்டுப் பனையோலைப் பொருட்களை விற்றது. சுளகு, நீத்துப்பெட்டி, கைப்பை ஆகியவற்றோடு ஒரு சகோதரி இழைத்த ஓலைத் தொப்பிகளும் இருந்தன. லண்டனிலிருந்து வந்திருந்த வயதான ஐயா ஒருவர் மேசையடியில் நின்றார். அவரது கையில் ஒரு பழைய ஃபெல்ற் தொப்பி இருந்தது. கம்பளி மயிரை அமுக்கிச் செய்யும் அந்தத் தொப்பி குளிர் நாட்டுக்கு உரியது. கீரிமலை வெயிலில் அதைப் போட முடியாமல் கையில் வைத்து விசிறிக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, இதிலை எனக்கு அளவானது இருக்கோ?" என்று கேட்டார். ஒவ்வொன்றாக நான்கு தொப்பிகளைப் போட்டுப் பார்த்தார். எல்லாம் நெற்றியில் இறுக்கின. காதுப் பக்கம் இடைவெளி விட்டு நின்றன. அவர் முகம் சுளிக்கவில்லை. தொப்பிகளைக் கவனமாகத் திருப்பி வைத்துவிட்டுத் தன்னுடைய தொப்பியைக் காட்டிச் சொன்னார்:

"லண்டனிலை ஒரு பழைய தொப்பிக் கடையிலை வாங்கினது. அவன் சும்மா எடுத்துத் தரேல்லை. தலையை அளந்து, நீராவியிலை பிடிச்சு, உள்ளுக்கு வார் வைச்சுத்தான் தந்தவன். தொப்பி வாங்கினது பாதி அலுவல் பிள்ளை. தலைக்குச் சரியாக்கினது மற்றப் பாதி."

அவர் ஒன்றும் வாங்காமலே போனார். ஆனால் அவர் சொல்லிவிட்டுப் போன அந்த மற்றப் பாதி எங்களை யோசிக்க வைத்தது.

திரும்பி வந்த 38 தொப்பிகள்

அந்தத் தொப்பிகளை இழைத்த அக்கா கீரிமலையைச் சேர்ந்தவர். 1990 இல் குடும்பத்தோடு இடம்பெயர்ந்தபோது அவருக்குப் பத்து வயது. நலன்புரி நிலையத்தில் தாயார் பெட்டி இழைத்து விற்ற காசில்தான் பிள்ளைகள் கொப்பி, பென்சில் வாங்கினார்கள். அங்கேயே அக்காவும் பன்னவேலையைக் கற்றுக்கொண்டார். பின்னர் திருமணமாகி வன்னிக்குப் போனார். 2009 இல் முள்ளிவாய்க்காலில் கணவரை இழந்தார். இரண்டு பெண் பிள்ளைகளோடு திரும்பி வந்து, காணி விடுவிக்கப்பட்ட பின் பிறந்த ஊரில் குடியேறினார்.

ஆடி அமாவாசைக்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான் ஒரு வியாபாரி அவரிடம் 60 தொப்பிகளுக்குச் சொல்லியிருந்தார். இரவு பகலாக இழைத்துக் கொடுத்தார். ஒரு மாதத்தில் 38 தொப்பிகள் திரும்பி வந்தன. "ஒருதற்றை தலையிலும் நிக்குதில்லை" என்பதுதான் வியாபாரி சொன்ன காரணம். ஓலைக்கும் சாயத்துக்கும் எமது குழுவின் சிறுசேமிப்பிலிருந்து அவர் கடன் எடுத்திருந்தார். மூத்த மகளுக்கு அது உயர்தரப் பரீட்சை எழுதும் ஆண்டு.

"என்ரை இழைப்பிலை பிழை இல்லை, தங்கச்சி. பாருங்கோ, ஒரு ஓட்டை இருக்கே?" என்று அவர் என்னிடம் கேட்டார். உண்மைதான். இழைப்பில் எந்தப் பிழையும் இல்லை. பிழை வேறெங்கோ இருந்தது.

சட்டி வட்டம், தலை வட்டமல்ல

லண்டன் ஐயா சொன்னதை வைத்து, தொப்பிக் கடைகளில் என்ன செய்கிறார்கள் என்று தேடிப் பார்த்தோம். ஃபெல்ற் என்பது நெய்த துணி அல்ல. ஆட்டு மயிரையோ முயல் மயிரையோ சூடும் ஈரமும் கொடுத்து அமுக்கி, ஒன்றோடொன்று பின்னிப் பிடிக்கச் செய்வது. அதை நீராவியில் இளக்கி மர அச்சில் இழுத்து வைத்தால் அந்த வடிவத்திலேயே காய்ந்து நிற்கும். முற்காலத்தில் இந்த மயிரைப் பதப்படுத்தப் பாதரசம் கலந்த மருந்து பாவித்தார்கள். அதனால் தொப்பித் தொழிலாளர் பலர் கைநடுக்கமும் மனக்குழப்பமும் வந்து அவதிப்பட்டார்கள். அமெரிக்காவில் 1941 இல்தான் அது தடை செய்யப்பட்டது. கைத்தொழில் எதுவானாலும் செய்பவரின் உடல்நலத்தையும் பார்க்கவேண்டும் என்பதற்கு இது ஒரு பாடம்.

லண்டனில் 1676 இல் தொடங்கிய லொக் என்ற தொப்பிக் கடை இன்றும் நடக்கிறது. தலையின் உருவத்தைச் சிறிய அட்டையில் குற்றி எடுக்கும் ஒரு பழைய கருவி அங்கே உண்டு. அந்த அட்டைகளைப் பார்த்தால் ஒரு தலையும் சரியான வட்டமாக இருக்காது. முட்டை வடிவமாகவே இருக்கும். முன்னிருந்து பின்னுக்கு உள்ள நீளம், பக்கவாட்டு அகலத்தைவிட ஏறத்தாழ 3 முதல் 4 சென்ரிமீற்றர் கூடுதலாக இருக்கும்.

இதைச் சொன்னதும் அக்கா எழும்பிப் போய் அடுப்படியிலிருந்து ஒரு சட்டியை எடுத்துவந்தார். அந்தச் சட்டியைக் கவிழ்த்து வைத்துத்தான் அவர் இவ்வளவு காலமும் தொப்பி இழைத்திருக்கிறார். சட்டி வட்டம். எனவே தொப்பியும் வட்டம். சுற்றளவு சரியாக இருந்தாலும் நெற்றியில் இறுக்கும், காதடியில் விலகும்.

குழுவின் பொதுப் பணத்தில் ஊர்த் தச்சரைக் கொண்டு மூன்று மர அச்சுகள் செய்வித்தோம். சுற்றளவு 54, 56, 58 சென்ரிமீற்றர். மூன்றும் முட்டை வடிவம். திரும்பி வந்த 38 தொப்பிகளையும் ஒவ்வொன்றாக ஈரப்படுத்தி அச்சில் ஏற்றினோம். ஒன்பது தொப்பிகளின் ஓலை காய்ந்து வெடித்துவிட்டது. 29 தொப்பிகள் தப்பின.

ஓலைத் தொப்பியைத் திருத்தும் முறை

இத்தொழிலைச் செய்யும், அல்லது செய்ய விரும்பும் சகோதரிகளுக்காக நாம் கற்றுக்கொண்டவற்றை இங்கே தருகிறேன். கடையில் வாங்கிய தொப்பி அளவில்லாமல் வீட்டில் கிடந்தாலும் இவை உதவும்.

அளவு எடுத்தல்: அளவு நாடாவை நெற்றியின் நடுவாக, காதுக்கு ஒரு விரல் மேலாக, பின்மண்டையின் புடைப்பைச் சுற்றிப் பிடிக்கவேண்டும். நாடாவுக்குள் ஒரு விரல் நுழையக்கூடியதாக இருக்கட்டும். பெண்களுக்கு அளக்கும்போது கொண்டை போடுபவரா, பின்னல் விடுபவரா என்று கேளுங்கள்.

ஈரப்படுத்தல்: காய்ந்த ஓலையை வளைத்தால் வெடிக்கும். தொப்பியைத் தண்ணீரில் அமிழ்த்த வேண்டாம். ஈரத் துணியால் சுற்றி ஒரு மணித்தியாலம் வைத்தால் இளகும். பின்னர் அச்சில் ஏற்றி, அடியில் கயிற்றால் கட்டி நிழலில் காயவிடுங்கள். ஃபெல்ற் நன்றாக இழுபடும். ஓலை சிறிதளவே விட்டுக்கொடுக்கும். எனவே சிறிய தொப்பியைப் பெரிதாக்கலாம் என்று வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

உள்வார்: பழைய பருத்திச் சேலை அல்லது வேட்டித் துணியில் 3 சென்ரிமீற்றர் அகலத்தில் இரண்டு மடிப்பாக வார் செய்து உட்புறம் தையுங்கள். இது வியர்வையை உறிஞ்சும். நெற்றியில் ஓலை கீறாமல் காக்கும். தொப்பி சற்றுப் பெரிதானால் வாருக்குள் முன்னும் பின்னும் மடித்த துணி வைத்து இறுக்கலாம். அழுக்கானால் வாரை மட்டும் பிரித்து மாற்றலாம்.

பின்னல் தொப்பி: ஓலையை நீண்ட நாடாவாகப் பின்னிச் சுற்றிச் சுற்றித் தைத்த தொப்பியென்றால் வேலை இன்னும் இலகு. விளிம்பிலிருந்து தலைச்சுற்று வரை நூலைப் பிரித்து, வேண்டிய அளவுக்கு மீண்டும் தைக்கலாம். முழுதாக இழைத்த தொப்பியில் இது முடியாது.

விளிம்பும் நாடாவும்: விளிம்பு தொய்ந்து போகாமல் இருக்க மடிப்புக்குள் ஈர்க்கு வைத்துத் துணியால் மூடித் தையுங்கள். கீரிமலை போன்ற கரையோர ஊர்களில் காற்று தொப்பியைக் கொண்டுபோய்விடும். நாடிக்குக் கட்ட ஒரு நாடா அவசியம்.

பாதுகாத்தல்: தொப்பியின் உச்சியைக் கிள்ளித் தூக்கக்கூடாது. ஃபெல்ற் ஆனாலும் ஓலையானாலும் அந்த இடத்தில்தான் முதலில் வெடிக்கும். விளிம்பைப் பிடித்து எடுக்கவேண்டும். மாரி காலத்தில் பிளாஸ்ரிக் பையில் கட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். சாய ஓலையென்றால் விற்குமுன் ஈரமான வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அது வாங்குபவரின் நெற்றியிலும் ஒட்டும்.

பனாமா என்ற பெயரில் போனது யாருடைய உழைப்பு?

உலகில் பெயர்பெற்ற பனாமாத் தொப்பியை நீங்கள் படங்களில் பார்த்திருப்பீர்கள். உண்மையில் அது பனாமாவில் செய்யப்படுவதல்ல. தென் அமெரிக்காவின் எக்குவடோர் நாட்டில், பனைபோல விரிந்த இலை கொண்ட ஒரு செடியின் நாரிலிருந்து கிராமத்து மக்கள் இழைப்பது. பனாமா வழியாகக் கப்பலேறி விற்கப்பட்டதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 2012 இல் இந்த இழைப்புக் கலையை எக்குவடோரின் மரபுரிமையாக யுனெஸ்கோ தனது பட்டியலில் சேர்த்துக்கொண்டது. ஆனால் நெடுங்காலமாகவே கிராமத்தில் இழைப்பவருக்குக் கிடைப்பது சிறு தொகைதான். கழுவி, வெளுத்து, அச்சில் அழுத்தி, பட்டி கட்டும் இடத்தில்தான் விலை ஏறுகிறது.

எங்கள் ஊரிலும் கதை வேறல்ல. ஓலை வார்ந்து இழைக்கும் கடினமான வேலை பெண்களுடையது. உள்வார் வைப்பது, அளவு பார்ப்பது, பட்டி கட்டுவது ஆகிய கடைசிச் சிறு வேலைகள் வேறொருவர் கைக்குப் போய்விடுகின்றன. விலையும் அங்கேயே போகிறது.

ஒரு உதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தொப்பிக்கு ஓலை, சாயம், நூல், துணி எல்லாமாக 200 ரூபா செலவு. இழைக்க ஐந்து மணித்தியாலம் என்று வையுங்கள். அதை 500 ரூபாவுக்குக் கொடுத்தால் எமது உழைப்புக்கு மணித்தியாலத்துக்கு 60 ரூபாதான் மிஞ்சுகிறது. மேலும் ஒரு மணித்தியாலம் செலவழித்து அளவாக்கி முடித்து, 1,100 ரூபாவுக்கு நேரடியாக விற்றால் 900 ரூபா கிடைக்கிறது. அதாவது மணித்தியாலத்துக்கு 150 ரூபா. "வீட்டிலை சும்மா இருக்கிற நேரத்திலை செய்யிறது தானே" என்று எம்மில் பலர் தம் உழைப்பைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. சமைத்து, பிள்ளைகளைப் பார்த்து, தண்ணீர் அள்ளி முடித்த பின் இழைக்கும் அந்த நேரம் சும்மா இருக்கும் நேரமல்ல.

யாருக்கு விற்பது?

திருவிழாவை மட்டும் நம்பியிருக்க முடியாது. ஆடி அமாவாசைக்கும் மாசிச் சிவராத்திரிக்கும் கீரிமலையில் கூட்டம் கூடும். மற்ற மாதங்களில் விற்பனை மந்தம்தான். இதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் தெல்லிப்பழைப் பக்கத்துச் செம்மண் தோட்டங்களில் வெங்காயம் பிடுங்கும் பெண்கள் துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு நாள் முழுதும் வெயிலில் நிற்கிறார்கள். அகன்ற விளிம்பு வைத்து, சாயமில்லாமல், குறைந்த விலையில் செய்தால் அவர்களும் வாங்குவார்கள். பனை அபிவிருத்திச் சபை 1978 முதல் இயங்கி வருகிறது. பன்னவேலைப் பயிற்சி, விற்பனை பற்றி அங்கே விசாரிக்கலாம். பிரதேச செயலகத்தில் உள்ள அபிவிருத்தி உத்தியோகத்தரிடமும் கேளுங்கள். அச்சு செய்வதற்கென்று வாராந்தக் கடன் எடுக்க வேண்டாம். நான்கைந்து பேர் சேர்ந்தால் அச்சைப் பொதுவில் வைத்துப் பாவிக்கலாம்.

தப்பிய 29 தொப்பிகளும் விற்று முடிய ஏழு மாதம் சென்றது. அக்கா சேமிப்புக் கடனை அடைத்துவிட்டார். மகள் பரீட்சை எழுதினாள். வியாபாரி மீண்டும் வந்து கேட்டபோது, அக்கா முதலில் தன் விலையைச் சொன்னார். அவர் 20 தொப்பிகள்தான் எடுத்தார். ஆனால் சொன்ன விலைக்கு எடுத்தார்.

அடுத்த ஆடி அமாவாசைக்கும் அந்த மேசையைப் போட்டோம். இந்தத் தடவை மேசையில் ஒரு அளவு நாடாவும் இருந்தது. அக்காவின் தலையில் ஒரு தொப்பி. "பொம்பிளையள் தொப்பி போடுறதே?" என்று யாரோ பகிடியாகக் கேட்டார்கள். "வெயிலுக்கு ஆம்பிளை பொம்பிளை தெரியுமே?" என்று சொல்லிவிட்டு, கேட்டவருடைய தலையை அளக்க நாடாவை எடுத்தார் அக்கா.

அன்புச் சகோதரிகளே, நீங்கள் இழைப்பது தொப்பியாக இல்லாமல் பெட்டியாகவோ பையாகவோ இருக்கலாம். அது உங்கள் வீட்டை விட்டுப் போகும்போது இன்னும் என்ன வேலை மிச்சம் இருக்கிறது, அதை யார் செய்து யார் காசு பெறுகிறார்கள் என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். அந்த வேலையை உங்கள் குழுவே செய்ய முடியுமா என்று அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்.