பச்சை வட்டமும் கரிய சாய்சதுரமும்

ஒரு சொல்லின் பொருள் அச்சொல்லளவில் நின்றுவிடுவதன்று. அது நிற்கும் இடத்தையும், அயலே நிற்குஞ் சொற்களையும் பற்றியே அமைவது. வகுப்பறையில் நாம் நாள்தோறும் உரைக்கும் இவ்வுண்மை, பனிமலைச் சரிவுகளில் நாட்டப்பெற்ற குறிகளுக்கும் பொருந்தும். பலகைமீது நின்று பனியிற் சறுக்குவோர் இதனை அறியாதவிடத்து, உயிருக்கே ஊறு நேரலாம்.

வட அமெரிக்கப் பனிச்சறுக்குத் தலங்களில், தடந்தோறும் ஒரு குறி உண்டு. பச்சை வட்டம் எளிய தடத்தைக் குறிக்கும். நீலச் சதுரம் இடைத்தரமானதை. கரிய சாய்சதுரம் கடினமானதை. அச்சாய்சதுரம் இரட்டித்து நிற்பின், அத்தடம் வல்லுநர்க்கே உரியது. கலிபோர்ணியாவில் மினரல் கிங் என்னும் பள்ளத்தாக்கிலே தாம் அமைக்கக் கருதிய தலத்தின்பொருட்டு வால்ற் டிஸ்னி நிறுவனத்தார் வகுத்த முறை இது. 1968ஆம் ஆண்டில் அமெரிக்கத் தலங்களுக்குப் பொதுவாயிற்று. அவர் கருதிய தலமோ அமையவேயில்லை. 1978இல் அப்பள்ளத்தாக்கு செக்கோயா தேசியப் பூங்காவோடு சேர்க்கப்பட்டது. ஊர் பிறவாதொழிய, அதன் குறிமொழி மாத்திரம் நின்று நிலைத்தது!

இம்மொழியில் ஒரு நுட்பம் உளது. ஒவ்வொரு தலமும் தன் தடங்களைத் தன்னுள்ளேயே ஒப்பிட்டுத் தரம் வகுக்கின்றது. ஆதலின், ஒரு மலையில் நீலம் எனப்படுவது, பிறிதொரு மலையிற் கருமை எனப்படுதல் கூடும். ஐரோப்பாவிலோ நீலம் எளிய தடத்துக்குரியது. இடைத்தரத்தைச் சிவப்பே உணர்த்தும். நிறம் ஒன்று, பொருள் வேறு.

இனி, ஒரு தலத்தை எடுத்து நோக்குவாம். கனடாவின் மேற்கே, பிரித்தானிய கொலம்பியா மாகாணத்தில், விஸ்லர், பிளாக்கோம் என்னும் இரு மலைகள் அருகருகே நிற்கின்றன. இரண்டிலும் 200க்கு மேற்பட்ட தடங்கள் உள. பரப்பு 8,171 ஏக்கர். பிளாக்கோமின் மேலெல்லையிலிருந்து அடிவாரம்வரை இறக்கம் 1,609 மீற்றர். மலையிரண்டையும் இணைக்கும் 4.4 கிலோமீற்றர் நீளமான கம்பிவடத் தொங்கூர்தி 2008இல் இயங்கத் தொடங்கிற்று.

விஸ்லர் மலையிலே, 'கருகிய குழம்பு' எனப் பொருள்படும் பேர்ண்ற் ஸ்ரூ என்றொரு பச்சைத் தடம் உண்டு. பச்சையாதலின் எளிதென்று துணிந்து செல்லும் பலகைக்காரர், இடையிலே சமநிலம் வர, நின்றுவிடுவர். இரு கட்டைகளிற் சறுக்குவோர்க்கு ஊன்றுகோல்கள் உள; அவற்றால் உந்திச் செல்வர். பலகைக்காரரின் இரு கால்களும் ஒரே பலகையிற் பிணிக்கப்பட்டவை. கையிற் கோலும் இல்லை. பின்காலை அவிழ்த்து, அதனால் உந்தி உந்தி நகர்வதன்றி வேறு வழியில்லை. சரிவு குறைந்தமையால் எளிது என்றது குறி. சரிவு குறைந்தமையே அவர்க்கு இடர் ஆயிற்று.

இஃது இளைப்போடு ஒழியும். ஒழியாததும் ஒன்றுண்டு. பெரும்பனி பெய்தபின், ஊசியிலை மரங்களின் தாழ்ந்த கிளைகளின் கீழே பனி இறுகாது, பள்ளம் மறைந்து கிடக்கும். தடத்தை விட்டு மரங்களிடையே புகுந்தவர் அதனுள் தலைகீழாய் வீழின், தளர்ந்த பனி மேலே சரிந்து மூச்சை அடைக்கும். கால்கள் பலகையோடு பிணிப்புண்டமையால், தாமே மீளுதல் பெரிதும் அரிது. அயலே உள்ள தடம் எந்நிறத்ததாயினும், இவ்விடரை அந்நிறம் உணர்த்தாது. துணைவர் ஒருவர் கண்ணெதிரே இருந்து, காலந்தாழாது தோண்டி எடுத்தலே காப்பு.

குறி பொய் கூறிற்று என்பது எம் கருத்தன்று. சரிவைக் கூறுவதே அதன் கடன். அன்றைய பனியையும், வருபவரின் பயிற்சியையும், காலிற் பூண்ட கருவியையும் அது அறியாது. அவற்றை அறிய வேண்டியவர் சறுக்குபவரே. குறியைப் படித்தவர் மலையையும் படித்தல் வேண்டும். துணையின்றி மரங்களிடையே புகாதிருத்தலும் வேண்டும்.